வால் போய்ச் சேர்ந்தது, தலை சேரவில்லை: திருப்பூர் பனியன் நிறுவனம் ஒன்றில் ஏற்பட்ட இணைப்புப் பிழையின் ஆய்வு

நடந்தது

திருப்பூரில் அவிநாசி சாலைக்கு அருகில் இயங்கும் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் டிஸ்பாட்ச் பிரிவில், ஒவ்வொரு ஷிப்மென்ட்டின் பேக்கிங் லிஸ்ட்டையும் ஐரோப்பாவில் உள்ள பையரின் சர்வருக்கு அனுப்பும் சிறிய பைத்தான் நிரல் ஒன்று இரண்டு ஆண்டுகளாகத் தொல்லையின்றி ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பெட்டியில் எந்த ஸ்டைல், எந்த நிறம், எந்த சைஸ், எத்தனை பீஸ் என்ற விவரம் அதில் போகும். சர்வர் அதை ஏற்றுக்கொண்டு ஓர் ஒப்புகை எண்ணைத் திருப்பித் தந்தால்தான் பெட்டிகளுக்கான லேபிளை அச்சிட முடியும். லேபிள் ஒட்டாத பெட்டி லாரியில் ஏறாது. லாரி தாமதமானால் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கை ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரம் தவறிப்போகும். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று இத்தனை கைகள் பட்டு முடிந்த சரக்கு, ஒரு நிரல் பதில் வாங்காததால் கொடவுனில் நிற்பது எவ்வளவு பெரிய வேதனை என்பதை அந்த வளாகத்தில் ஒரு மாலை நேரம் நின்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நிறுவனம் தன் பழைய லீஸ்டு லைனை (தனக்கென வாடகைக்கு எடுத்த இணைப்பை) விட்டுவிட்டு வேறொரு சேவையாளரின் ஃபைபர் இணைப்புக்கு மாறிய வாரத்தில் தகராறு தொடங்கியது. ஆனால் மாறிய அன்றே தொடங்கவில்லை. முதல் நான்கு நாட்களும் சாம்பிள் பெட்டிகள் மட்டுமே கிளம்பின. அவற்றின் லிஸ்ட் எந்தத் தடையும் இன்றிப் போய்ச் சேர்ந்தது. ஐந்தாம் நாள் பல்க் ஆர்டருக்கான லிஸ்ட் நின்றது. இடையில் விழுந்த அந்த நான்கு நாட்களின் காரணமாக, லைன் மாறியதையும் நிரல் நின்றதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பையரின் சர்வரில் ஏதோ மாற்றியிருக்கிறார்கள் என்றே எல்லோரும் முடிவுகட்டியிருந்தனர். அவசரத்துக்கு, மேலாளரின் கைபேசியிலிருந்து ஹாட்ஸ்பாட் எடுத்து லிஸ்ட்டை அனுப்பி ஒப்பேற்றி வந்தனர்.

என்னை அழைத்தபோது மூன்று வாரம் கடந்திருந்தது. டிஸ்பாட்ச் பொறுப்பாளர் முதல் சந்திப்பிலேயே, "ஏனுங்க, மெயில் போகுது, வாட்ஸ்அப் போகுது, பேங்க் வேலையெல்லாம் நடக்குது. இது ஒண்ணு மட்டும் போகமாட்டேங்குதுங்க. சாம்பிள் போட்டாப் போகுது, பல்க் போட்டா நிக்குதுங்க" என்றார். இந்த வழக்கின் விடை முழுவதும் அந்தச் சொற்களிலேயே இருந்தது. நான் அதைக் குறித்துக்கொண்டேன். ஆனால் அதிலிருந்து தொடங்காமல் கணினியிலிருந்து தொடங்கினேன். அதனால் ஒன்றரை நாள் கூடுதலாகச் செலவாயிற்று.

பிழைச்செய்தி சொல்லாமல் விட்டது

திரையில் வந்த செய்தி ஒன்றே ஒன்று: "சர்வர் கிடைக்கவில்லை. பிறகு முயலவும்." நிரலை எழுதியவர் எல்லா வகைப் பிழைகளையும் ஒரே வலையில் பிடித்து, எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வாக்கியத்தையே காட்டும்படி வைத்திருந்தார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆங்கிலத்தில் நீண்டு வரும் பிழைச்செய்தியைப் பார்த்து டிஸ்பாட்ச் ஆட்கள் மிரளக் கூடாது என்று நினைத்திருக்கிறார். ஆனால் மூன்று வாரத் தாமதத்துக்கு, பின்னால் வரப்போகும் ஃபயர்வால் என்ற நெட்வொர்க் காவல் கருவியை விடவும் இந்த வாக்கியமே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து.

தொலைவில் உள்ள ஒரு சர்வரை நிரல் அழைப்பது ஒற்றைச் செயல் அன்று. பல படிகள் கொண்ட பயணம். முதலில் சர்வரின் பெயரை டிஎன்எஸ் என்ற பெயர்ப் பதிவேட்டின் வழியாக ஐபி என்ற எண் முகவரியாக மாற்ற வேண்டும். பிறகு அந்த முகவரிக்கு "பேசலாமா" என்று கேட்கும் ஒரு சின் பாக்கெட்டை (பாக்கெட் என்பது தரவின் சிறு பொட்டலம்) அனுப்பி, அங்கிருந்து சம்மதமாகச் சின்-ஆக் பெற்று, தரவை வரிசை மாறாமல் சேர்ப்பிக்கும் டிசிபி இணைப்பை ஏற்படுத்த வேண்டும். அதன்மேல் தரவை மறைத்து அனுப்புவதற்கான டிஎல்எஸ் கைகுலுக்கல் நடந்து, சான்றிதழ் சரிபார்க்கப்பட வேண்டும். அதன் பிறகே கோரிக்கை போகும், பதில் வரும். ஒவ்வொரு படியும் தனக்கே உரிய விதத்தில் தோற்கும், அந்தத் தோல்வியின் பெயரைக் கேட்டாலே எங்கே தேட வேண்டும் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று வந்தால், அது உண்மையில் பாதி நல்ல செய்தி. நம் பாக்கெட் போய்ச் சேர்ந்தது, அங்கிருந்து ஆர்எஸ்டி என்ற மறுப்பும் திரும்பி வந்தது. ஆகவே பாதை சரியாக இருக்கிறது, அந்த போர்ட்டில் (சர்வரின் எண்ணிட்ட வாசலில்) கேட்டுக்கொண்டிருக்கும் நிரல்தான் அங்கே இல்லை, அல்லது வழியில் உள்ள ஏதோவொரு ஃபயர்வால் வெளிப்படையாக மறுக்கிறது. இணைப்பு ஏற்படும் முன்பே டைம்அவுட் ஆனால், அதாவது காத்திருக்கும் நேரம் தீர்ந்துபோனால், கதை வேறு: கதவைத் தட்டினோம், யாரும் குரல் கொடுக்கவில்லை. லினக்ஸ் கணினி தன் வழக்கமான அமைப்பில் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே பலமுறை மீண்டும் தட்டி, ஏறத்தாழ இரண்டு நிமிடங்களுக்குப் பிறகே கைவிடும். ‘கனெக்‌ஷன் ரீசெட்’ என்றால், ஏற்பட்ட இணைப்பை நடுவில் யாரோ வெட்டிவிட்டார்கள் என்று பொருள். வெட்டியது சர்வராகவும் இருக்கலாம், வழியில் உள்ள கருவியாகவும் இருக்கலாம். இவை எல்லாவற்றையும் "கிடைக்கவில்லை" என்ற ஒரே சொல்லில் அடைப்பது, காய்ச்சல், எலும்பு முறிவு, கண்வலி மூன்றுக்கும் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் எழுதி மருத்துவரிடம் சீட்டு நீட்டுவதற்கு ஒப்பாகும்.

நிரலில் இரண்டு வரி சேர்த்து, பிழையின் முழு விவரமும் லாக் கோப்பில் நேரத்தோடு பதியும்படி செய்தேன். அடுத்த முயற்சியில் உண்மையான பெயர் தெரிந்தது: ‘ரீட் டைம்டு அவுட்’, 30 வினாடி. அதாவது, பெயர் கிடைத்தது, இணைப்பு கிடைத்தது, டிஎல்எஸ் முடிந்தது, கோரிக்கையை அனுப்பியாயிற்று, பதிலுக்காக 30 வினாடி காத்திருந்தும் வரவில்லை. இப்படித்தான் நான் அதைப் படித்தேன். "அனுப்பியாயிற்று" என்ற அந்த ஒரு சொல்லில்தான் நான் வழுக்கி விழுந்தேன்.

முதலில் போன தவறான வழிகள்

சர்வர் மெதுவாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, டைம்அவுட்டை 30 வினாடியிலிருந்து 120 வினாடிக்கு உயர்த்தினேன். பிழை நீங்கவில்லை, ஆனால் உருமாறியது. இப்போது சரியாக 60 வினாடி கழிந்ததும், பதில் எதுவும் தராமலே மறுமுனை இணைப்பை மூடிவிட்டது என்ற செய்தி வந்தது. நம் பொறுமையை நீட்டியதும் எதிர்ப்பக்கத்தின் பொறுமை எங்கே முடிகிறது என்று தெரிந்துவிட்டது. மெதுவாக வேலை செய்துகொண்டிருக்கும் சர்வர் என்றால் 60 வினாடியில் சொல்லிவைத்தாற்போல் மூட வேண்டிய அவசியம் இல்லை. அதுவும் எதற்காகவோ காத்திருந்து சலித்துத்தான் மூடியிருக்கிறது. எதற்காகக் காத்திருந்தது?

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் இன்னொரு திசைதிருப்பல் நேர்ந்தது. அலுவலகத்தின் நெட்வொர்க்கைப் பராமரிக்கும் இளைஞர், பையரின் சர்வருக்குப் பிங் (மறுமுனை இருக்கிறதா என்று கேட்கும் சிறு சோதனை) போகவில்லை என்று காட்டி, "சர்வரே டவுன்தானுங்க" என்றார். வேறு பல முகவரிகளுக்குப் பிங் செய்து பார்க்கச் சொன்னேன். எதற்குமே பதில் இல்லை. இணையம் முழுவதும் டவுன் ஆகியிருக்க முடியாது. ஆகவே பிங்கின் பதிலைத் தடுப்பது நம் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு கருவி என்று தெரிந்தது. பிங் ஓடுவது ஐசிஎம்பி என்ற வேறொரு நெறிமுறையில். நிரல் ஓடுவது டிசிபியில். பிங் போகவில்லை என்பதால் சர்வர் இல்லை என்றும் ஆகாது, பிங் போகிறது என்பதால் நிரல் ஓடும் என்றும் ஆகாது. அப்போதைக்கு, ஃபயர்வால் ஐசிஎம்பியைத் தடுக்கிறது என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டுக் கடந்துபோனேன். அந்த வரியில் அடிக்கோடு இட்டிருக்க வேண்டும்.

டிஎன்எஸ், கணினியின் கடிகாரம், சான்றிதழ் ஆகியவற்றைச் சரிபார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தன.

பையரின் தொழில்நுட்பக் குழுவுக்கு நேரத்தைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பியதற்கு மறுநாள் தெளிவான பதில் வந்தது. எங்கள் கோரிக்கையின் தலைப்புப் பகுதி வந்து சேர்ந்தது, அதில் உள்ளடக்கத்தின் அளவு 6,000 பைட் என்று குறிக்கப்பட்டிருந்தது, ஆனால் அந்த 6,000 பைட்டும் வந்து முடியவில்லை, 60 வினாடி காத்திருந்து மூடிவிட்டோம் என்று எழுதியிருந்தனர். முதல் வாசிப்பில் இதை ஒரு சாக்காகவே நினைத்தேன். நம் நிரல் அனுப்பி முடித்துவிட்டு அல்லவா பதிலுக்குக் காத்திருக்கிறது!

முடிக்கவில்லை. நிரல் ஒரு சாக்கெட்டில் (இணைப்பின் நம் பக்க முனையில்) எழுதும்போது, அந்தத் தரவு முதலில் போய்ச் சேருமிடம் இயங்குதளத்தின் இடைநிலை நினைவகம். 6,000 பைட் அங்கே எளிதாக அடங்கிவிடும். அடங்கியதும் "அனுப்பியாயிற்று" என்று நிரலுக்குத் தகவல் போகும். நிரலும் பதிலைப் படிக்கக் காத்திருக்கும் நிலைக்குச் சென்றுவிடும். அந்த நினைவகத்திலிருந்து தரவு கம்பியில் ஏறியதா, மறுமுனை அதைப் பெற்றதா என்பதெல்லாம் நிரலுக்குத் தெரியாமல் கீழ்மட்டத்தில் நடக்கும் வேலை. தபால்பெட்டியில் கடிதத்தைப் போட்டவுடன் கடிதம் சேர்ந்துவிட்டதாகக் கணக்கு எழுதுவதைப் போன்றது இது. ஆகவே ‘ரீட் டைம்டு அவுட்’ என்பது பல நேரங்களில் பதில் வரும் வழியில் நேர்ந்த பிழை அன்று. கோரிக்கை போகும் வழியில் நேர்ந்த பிழை. இதை அறியாமல் எதிர்ப்பக்கத்தின் மீது பழி போட்ட குழுக்களை வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன்.

அளவு

அப்போதுதான் டிஸ்பாட்ச் பொறுப்பாளரின் வாக்கியத்துக்குத் திரும்பினேன். சாம்பிள் போகிறது, பல்க் நிற்கிறது. இரண்டுக்கும் முகவரி ஒன்று, நிரல் ஒன்று, சான்றிதழ் ஒன்று. வேறுபாடு நீளத்தில் மட்டும். மூன்று வார லாகிலிருந்து போனவற்றையும் நின்றவற்றையும் அளவு வாரியாக அடுக்கினேன். 1,400 பைட்டுக்குக் கீழே இருந்த அனைத்தும் போயிருந்தன. 1,450-ஐத் தாண்டிய ஒன்றுகூடப் போகவில்லை. இடையில் மங்கலான பகுதியே இல்லை, கத்தியால் வெட்டியது போன்ற எல்லை. நெரிசலாலோ சிக்னல் கோளாறாலோ வரும் பிழைக்கு இப்படி ஒரு கூர்மையான எல்லை இருக்காது. பாக்கெட்டின் அளவுதான் காரணம் என்பது அந்த நொடியில் ஏறக்குறைய உறுதியாயிற்று.

நிரல் ஓடும் உபுண்டு (லினக்ஸ் வகை) கணினியில், போய்வரும் பாக்கெட்டுகளைப் பதிவுசெய்யும் டிசிபிடம்ப்பை இயக்கி, 6,000 பைட் லிஸ்ட் ஒன்றை அனுப்பி, பதிவான கோப்பை அதைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் திறந்தேன். (அனுப்பும் கணினியிலேயே பதிவு செய்யும்போது, பெரிய தரவைத் துண்டாக்கும் வேலையை நெட்வொர்க் கார்டு ஏற்றுக்கொள்வதால், 1500 பைட்டுக்கும் பெரிய பாக்கெட்டுகள் தெரியும். அதைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்காக அந்த வசதியைத் தற்காலிகமாக அணைத்துவிட்டே பதிவு செய்தேன்.) 6,000 பைட்டோடு டிஎல்எஸ்ஸின் மேல்செலவு 22 பைட் சேர்ந்து 6,022 ஆயிற்று. அது 1,448 பைட் கொண்ட நான்கு துண்டுகளாகவும், மீதி 230 பைட் கொண்ட ஒரு சிறு துண்டாகவும் கிளம்பியது. சர்வரிடமிருந்து வந்த ஒப்புகையைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு சீரானது. டிசிபியில் சாக் என்ற ஏற்பாடு உண்டு. வரிசை கலைந்து வந்த துண்டுகளில் எவை கைக்குக் கிடைத்தன என்பதைப் பெறுபவர் அதன் வழியே தனியாகச் சொல்ல முடியும். சர்வர் சொன்னது இதுதான்: கடைசி 230 பைட் வந்துவிட்டது, அதற்கு முன்னால் உள்ள 5,792 பைட்டில் ஒரு பைட்கூட வரவில்லை. யானை நுழைந்து வால் மாட்டிக்கொண்ட பேச்சு நமக்குப் பழக்கம். இங்கே வால் நுழைந்துவிட்டது, யானை வெளியே நிற்கிறது.

கணினி முதல் துண்டை மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் இடைவெளி இரட்டிப்பானது; ஒவ்வொரு முறையும் அதே 1,448 பைட், அதே மௌனம். அப்படியே விட்டிருந்தால் லினக்ஸின் வழக்கமான அமைப்பில் அது 15 நிமிடத்துக்கும் மேலாக முயன்றுகொண்டிருக்கும்.

எட்டு பைட்

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் அதிகபட்சம் 1500 பைட் இருக்கலாம். அதில் ஐபி தலைப்புக்கு 20, டிசிபி தலைப்புக்கு 20 போக மீதி 1460. நேரக்குறிப்புக்கான 12 பைட்டையும் கழித்தால் 1448. நாம் பார்த்த எண் இதுவே. பழைய லீஸ்டு லைன் 1500 பைட்டையும் அப்படியே ஏற்றது. புதிய ஃபைபர் இணைப்போ பிபிபிஓஇ என்ற முறையில் வருகிறது. 1999-இல் ஆர்எஃப்சி 2516 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தின் வழியாக விவரிக்கப்பட்ட இந்த முறையில், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு உள்நுழைந்த இணைப்பை அடையாளம் காண ஒவ்வொரு பாக்கெட்டிலும் கூடுதலாக 8 பைட் செலவாகிறது. ஆகவே அந்த வழியில் போகக்கூடிய அதிகபட்ச அளவு 1492. நம் 1500 பைட் பாக்கெட் அந்த எட்டு பைட்டால் வாசலில் நின்றுவிட்டது.

இப்படி நிற்பது எதிர்பாராத ஒன்றல்ல. அதற்கான மருந்து 1990-இல் வெளியான ஆர்எஃப்சி 1191-லேயே இருக்கிறது. அனுப்பும் கணினி ஒவ்வொரு பாக்கெட்டிலும் "உடைக்காதே" என்ற குறியை இடுகிறது. வழியில் உள்ள ரவுட்டர் ஒன்றுக்கு அந்தப் பாக்கெட் பெரிதாகப் பட்டால், அது பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு, "இது பெரியது, என் வழியில் 1492 தான் போகும்" என்று ஓர் ஐசிஎம்பி செய்தியை அனுப்பியவருக்கே திருப்பி எழுதுகிறது. வகை 3, குறியீடு 4 என்பது அதன் அடையாளம். அதைப் படித்த கணினி அடுத்த பாக்கெட்டைச் சிறிதாக்கி அனுப்புகிறது. எல்லாம் சில மில்லிவினாடிகளில் முடிந்துவிடும், மனிதர் யாருக்கும் தெரியவே தெரியாது. அந்தச் செய்தி திரும்பி வந்தால்தான்.

இந்த அலுவலகத்தில் கணினிகளுக்கும் ஃபைபர் ரவுட்டருக்கும் இடையே ஒரு ஃபயர்வால் இருந்தது. எப்போதோ ஒரு பாதுகாப்புச் சோதனையின்போது கிடைத்த அறிவுரையின்படி அதில் ஐசிஎம்பி முழுவதும் தடுக்கப்பட்டிருந்தது. ரவுட்டர் ஒவ்வொரு முறையும் தன் கடமையைச் சரியாகச் செய்து எச்சரிக்கையை எழுதி அனுப்பியது; ஃபயர்வால் ஒவ்வொரு முறையும் அதைக் குப்பையில் போட்டது. லீஸ்டு லைன் இருந்த காலத்தில் அந்த எச்சரிக்கைக்குத் தேவையே எழவில்லை என்பதால், தடை இருந்தும் தீங்கு தெரியவில்லை. இந்த நிலைக்கு நெட்வொர்க் துறையில் கருந்துளை என்று பெயர். பெரிய பாக்கெட் உள்ளே போகிறது, வெளியே எந்தச் சத்தமும் வருவதில்லை.

உறுதிசெய்யச் சோதனைகள் எளிமையானவை. என் மடிக்கணினியை ஃபயர்வாலைத் தாண்டி நேரடியாக ஃபைபர் ரவுட்டரில் செருகினேன். உடைக்காதே என்ற குறியோடு, 1472 பைட் சுமையுடன் பிங் அனுப்பினேன். ஐபி, ஐசிஎம்பி தலைப்புகளின் 28 பைட்டோடு அது சரியாக 1500 ஆகும். உடனே ரவுட்டர் 1492 தான் போகும் என்று பதில் சொன்னது. சுமையை 1464 ஆக்கியதும் பிங் போய் வந்தது. பிறகு நிரலையே அந்த மடிக்கணினியிலிருந்து இயக்கினேன். 6,000 பைட் லிஸ்ட் முதல் முயற்சியிலேயே சேர்ந்து ஒப்புகை எண்ணைக் கொண்டுவந்தது. கடைசியாக, மடிக்கணினியை விட்டுவிட்டுப் பழைய உபுண்டு கணினிக்கே திரும்பி, அது அனுப்பும் பாக்கெட்டின் அதிகபட்ச அளவை 1500-லிருந்து 1492 ஆகக் குறைத்தேன். ஃபயர்வால் அப்படியே இருக்கும்போதே லிஸ்ட் போனது. ஒரு காரணத்தை நீக்கினால் நோய் நீங்குகிறது, திரும்ப வைத்தால் நோய் திரும்புகிறது என்று இரு பக்கமும் காட்டாத வரையில் காரணத்தைக் கண்டுவிட்டதாக நான் எழுதுவதில்லை. ஆகவே அளவை மறுபடி 1500 ஆக்கி, நின்றுபோவதையும் பார்த்த பிறகே மேலாளரிடம் சொன்னேன்.

மெயில் மட்டும் எப்படிப் போயிற்று

மேலாளர் கேட்ட இந்தக் கேள்வி நியாயமானது, இதற்கு விடை சொல்லாமல் ஆய்வு முடியாது. வடிவமைப்புக் கோப்புகளை இணைத்த பெரிய மெயில்கள் அதே லைனில் தினமும் போய்க்கொண்டிருந்தன. அவையும் 1500 பைட் பாக்கெட்டுகள்தானே?

விடை இரண்டு பகுதிகளாக இருந்தது. அலுவலகத்தின் மற்றக் கணினிகள் விண்டோஸில் ஓடுகின்றன. விஸ்டாவுக்குப் பிந்தைய விண்டோஸ் இப்படிப்பட்ட கருந்துளையைத் தானே சந்தேகித்து, பலமுறை அனுப்பியும் பதில் இல்லாவிட்டால் பாக்கெட்டைச் சிறிதாக்கிப் பார்க்கும் ஏற்பாட்டை இயல்பாகவே இயக்கி வைத்திருக்கிறது. மெயில் சற்றுத் தாமதித்துப் போனது, யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. லினக்ஸிலும் அதே ஏற்பாடு உண்டு. 2007-இல் வெளியான ஆர்எஃப்சி 4821 வகுத்த முறை அது. ஆனால் வழக்கமான அமைப்பில் அணைந்தே இருக்கும். வளாகத்தில் லினக்ஸ் ஓடியது அந்த ஒரே கணினியில்.

இரண்டாவது பகுதி, வலைப்பக்கங்கள் தடையின்றித் திறந்ததைப் பற்றியது. இணைப்பு தொடங்கும்போது இரு முனைகளும் "ஒரு துண்டில் இவ்வளவு பைட் அனுப்பலாம்" என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. எம்எஸ்எஸ் என்பது அதன் பெயர். பிபிபிஓஇ ரவுட்டர்கள் இந்த எண்ணை வழியிலேயே 1460-லிருந்து 1452 ஆகத் திருத்திவிடுவது பரவலான ஏற்பாடு. இந்த ரவுட்டரும் திருத்தியது, ஆனால் ஒரு திசையில் மட்டும். வெளியே போகும் சின் பாக்கெட்டில் திருத்தியதால் சர்வர்கள் நமக்கு அனுப்பிய துண்டுகள் யாவும் சரியான அளவில் வந்தன. என் பதிவில் உள்வந்த பாக்கெட் ஒன்றுகூட 1492-ஐத் தாண்டவில்லை. உள்ளே வரும் சின்-ஆக் பாக்கெட்டில் திருத்தாததால் சர்வரின் 1460 அப்படியே நம்மை வந்தடைந்தது, நாம் அதை நம்பிப் பெரிய துண்டுகளை அனுப்பினோம். இறக்கம் சரி, ஏற்றம் பழுது. இத்தனை துல்லியமாகப் பாதி மட்டும் பழுதாக இருக்கும் ஒன்றைத்தான் கண்டுபிடிப்பது கடினம். முழுவதும் பழுதாகியிருந்தால் முதல் நாளே சேவையாளரை அழைத்திருப்பார்கள்.

திருத்தம்

உபுண்டு கணினியின் அளவை 1492 ஆகக் குறைத்ததோடு விட்டிருக்கலாம், அன்று மாலை லாரி கிளம்புவதற்காக அதைத்தான் செய்தோம். ஆனால் அது ஒரு கணினிக்கான ஒட்டு மட்டுமே. மறுநாள் ஃபயர்வாலில் இரண்டு மாற்றங்கள் செய்தோம். ஐசிஎம்பியில் வகை 3-ஐ அனுமதித்தோம். பிங்குக்கான தடையை அவர்கள் விரும்பியபடியே விட்டுவைத்தோம். எம்எஸ்எஸ்ஸை இரு திசையிலும் 1452 ஆக வரையறுத்தோம். ரவுட்டரில் இதைச் செய்யாமல் ஃபயர்வாலில் செய்ததற்குக் காரணம், ரவுட்டர் சேவையாளருடையது. பழுதானால் எந்த நேரத்திலும் வேறொன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். பிறகு உபுண்டு கணினியின் அளவை மீண்டும் 1500 ஆக்கிச் சோதித்தோம்.

ஐசிஎம்பியை முழுவதும் தடுப்பது பாதுகாப்பு என்ற எண்ணம் நம் ஊர் அலுவலகங்களில் இன்னும் வேரூன்றி இருக்கிறது. ஐபிவி6 என்ற புதிய ஐபி பதிப்புக்கு அலுவலகம் மாறும்போது இதன் விலை இன்னும் கூடும். அங்கே வழியில் உள்ள ரவுட்டர்கள் பாக்கெட்டை உடைப்பதே இல்லை. பக்கத்துக் கணினியைக் கண்டுபிடிப்பதும்கூட ஐசிஎம்பியின் புதிய வடிவத்தை நம்பியே நடக்கிறது.

இரண்டு முறை பதிவான சரக்கு

கருந்துளையைத் தேடிய அந்த மூன்று வாரத்தில் வேறொரு தவறும் நடந்திருந்தது. பணவிரயம் என்று பார்த்தால் அதுவே பெரியது. கொடவுனின் மூலையில் சிக்னல் குறைவாக இருந்த ஒரு மாலையில் ஹாட்ஸ்பாட் வழியே லிஸ்ட் அனுப்பினார்கள். கோரிக்கை முழுவதும் சர்வரைச் சேர்ந்தது, அது பதிவும் செய்தது, ஒப்புகை எண் திரும்பும் வழியில் தொலைந்தது. நிரல் டைம்அவுட் ஆகி, தானாகவே மறுமுறை அனுப்பியது. பையரின் பதிவேட்டில் ஒரே சரக்கு இரண்டு ஷிப்மென்ட்டுகளாக ஏறியது. அதை நீக்கக் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளுமாக ஒரு வாரம் போயிற்று; மெர்ச்சண்டைசர் பெண் பட்ட பாட்டை அவரே என்னிடம் சொன்னார்.

இந்த இடத்தில் நிரல் எழுதுபவர்களிடம் சற்று அழுத்தமாகவே பேச விரும்புகிறேன். கோரிக்கை போன பிறகு ஏற்படும் டைம்அவுட்டுக்குப் பொருள் "நடக்கவில்லை" என்பதன்று. "நடந்ததா என்று எனக்குத் தெரியாது" என்பது. "நடக்கவில்லை" என்று எடுத்துக்கொண்டு மறுமுறை அனுப்பினால் சரக்கு இரட்டிக்கும், பணம் இரட்டிக்கும். பெயர் கிடைக்காமையும், ரெஃப்யூஸ்டும், இணைப்பு ஏற்படும் முன் வரும் டைம்அவுட்டும் அப்படியல்ல. அவற்றில் கோரிக்கை புறப்படவே இல்லை என்பது உறுதி, ஆகவே துணிந்து மறுமுறை முயலலாம். எல்லாப் பிழைக்கும் ஒரே செய்தியைக் காட்டிய நிரல், எல்லாப் பிழைக்கும் ஒரே மறுமுயற்சியையும் செய்தது.

பையரின் சர்வர், அனுப்புபவர் தரும் ஒரு குறிப்பெண்ணை ஏற்கும் வசதியை முதலிலிருந்தே வைத்திருந்தது. அதே எண் மீண்டும் வந்தால் புதிதாகப் பதியாமல் பழைய ஒப்புகையையே திருப்பித் தரும். நிரலோ ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண்ணை உருவாக்கிக்கொண்டிருந்தது, எனவே அந்த வசதி பயனற்றுக் கிடந்தது. இப்போது எண் ஒவ்வொரு பேக்கிங் லிஸ்ட்டுக்கும் ஒரே முறை உருவாகி, அனுப்புவதற்கு முன்பே வட்டில் எழுதப்படுகிறது. நடுவில் மின்சாரம் போய்க் கணினி அணைந்து எழுந்தாலும் அதே எண்ணோடுதான் போகும். மறுமுயற்சிகளுக்கு இடையே 2, 4, 8 வினாடி என்று இடைவெளி கூடுகிறது, அதோடு சிறிது தற்செயலான நேரமும் சேர்கிறது. ஐந்து முயற்சிக்குப் பிறகு நின்று மனிதரைக் கூப்பிடுகிறது. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம், நாம் டைம்அவுட் சொல்லாவிட்டால் முடிவின்றிக் காத்திருக்கும் என்பதால், இணைப்புக்கு 5 வினாடி, பதிலுக்கு 30 வினாடி என்று தனித்தனியே குறித்தோம்.

இப்போது

தினமும் காலை 7 மணிக்கு, டிஸ்பாட்ச் தொடங்கும் முன், நிரல் 6,000 பைட் அளவுள்ள ஒரு வெற்று லிஸ்ட்டைப் பையரின் சோதனை முகவரிக்கு அனுப்பிப் பார்க்கிறது. சிறியதை அனுப்பிச் சோதித்திருந்தால் அந்த மூன்று வாரமும் பச்சை விளக்கே எரிந்திருக்கும். திரையில் வரும் செய்தி இன்றும் தமிழில்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் படியில் நின்றது, எத்தனை வினாடிக்குப் பிறகு நின்றது, சரக்கு பதிவாகியிருக்க வாய்ப்புண்டா இல்லையா என்ற மூன்றையும் சொல்கிறது.

ஐப்பசி மழையில் ஒரு மாலை டிஸ்பாட்ச் பொறுப்பாளர் என்னை அழைத்தார். "முதல் படியிலயே நிக்குதுங்க. பேரே கிடைக்கலைன்னு வருது, எதுவும் பதிவாகலைன்னும் போட்டிருக்குதுங்க. லைன்காரருக்குச் சொல்லிட்டேன். உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லலாம்னுதான் கூப்பிட்டேனுங்க" என்றார். கம்பத்தில் கேபிள் அறுந்திருந்தது. இரவு எட்டரைக்கு லைன் வந்தது, லிஸ்ட் போனது, லாரி கிளம்பியது.